வேலையில் இருக்கும் ஆசிரியர் கலைத்திட்டமும் கற்பித்தலும் முதுகலை படிப்பது எப்படி? சென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜூன் மாதம் சென்னையில் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வரும். எம்.எட். (கல்வியியல் முதுகலை) போடலாமா என்று ஒருவர் கேட்பார், அதெல்லாம் எதுக்கு, இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. எஜுகேஷன் போதும் என்பார் இன்னொருவர், மூன்றாமவரின் நாத்தனார் அமெரிக்காவில் இருந்துகொண்டு 'கரிகுலம் அண்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்' (கலைத்திட்டமும் கற்பித்தலும்) என்று ஒரு மாஸ்டர்ஸை ஆன்லைனிலேயே முடித்திருப்பார். மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசிவிட்டு மணி அடித்ததும் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் இந்த மூன்றும் வேறு வேறு. விதிகள் வேறு, செலவு வேறு, முடித்த பிறகு திறக்கிற கதவுகளும் வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பட்டம் என்பதை உங்களுக்குச் சம்பளம் தருபவரின் விதிகளும், அடுத்து நீங்கள் போக நினைக்கும் இடமும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அந்தப் படிப்பால் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்குமா என்பது மட்டும் உங்கள் வகுப்பறையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. கேள்வி இல்லாமல் போனவர்கள் இரண்டு வருடம் நோட்ஸ் எழுதிவிட்டு ஒரு சான்றிதழோடு திரும்பி வருகிறார்கள்.

இந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது

பி.எட். உங்களுக்கு ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று சொல்லித் தந்தது. இங்கே அதற்கு ஒரு படி மேலே போகிறோம்: இந்தப் பாடம் ஏன் இந்த வகுப்பில் இருக்கிறது, இதற்கு முன்னால் எது வந்திருக்க வேண்டும், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு எதைச் சாட்சியாக ஏற்றுக்கொள்வோம், இதையெல்லாம் முடிவு செய்தது யார். அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் நான்கு கேள்விகளை முன்வைத்தார். நோக்கம் என்ன, அதற்கு எந்தக் கற்றல் அனுபவங்கள் தேவை, அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது. அவரை விமர்சித்து எழுதாத ஆள் இந்தத் துறையில் குறைவு, ஆனாலும் பாடம் திட்டமிட உட்காரும் எவரும் இந்த நான்கில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. ஆறாம் வகுப்பில் நீர் பற்றி ஓர் அலகு நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வழி தெரிந்ததுதான்: பாடத்தை வாசித்து, நீர்ச்சுழற்சி படம் போட்டு, புத்தக வினாக்களுக்கு விடை எழுதவைத்து, தேர்வு. இப்போது கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். அலகு முடியும்போது பிள்ளை என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர நீர் வழங்கலுக்கு இந்தியாவில் வைத்திருக்கும் அளவுகோல். அந்த ரயில் எத்தனை பேருக்கு ஒரு நாள் தாங்கும் என்று பிள்ளை கணக்குப் போட வேண்டும் (பதினெட்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு வரும்), அப்புறம் தன் வீட்டில் ஒரு நாள் எத்தனை குடம், எத்தனை பக்கெட் செலவாகிறது என்று அளந்து வந்து, ஏரி நிரம்பிய அடுத்த வருடமே ஏன் லாரி வருகிறது என்று தன் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். இதுதான் சாட்சி என்று தீர்மானித்துவிட்டால் எந்தப் பக்கத்துக்கு நேரம் ஒதுக்குவது, எதை வேகமாகத் தாண்டுவது, எந்த நாளில் கணக்கு ஆசிரியரின் பிரிவேளையைக் கடன் கேட்பது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும். முதுகலைப் படிப்பின் பாதி இந்தப் பழக்கம்தான். மற்ற பாதி, இது உண்மையிலேயே வேலை செய்ததா என்று நிரூபிக்கக் கற்பது.

சென்னை ஆசிரியர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கலைத்திட்ட மாற்றம் என்பது நமக்குப் புத்தகத்தில் மட்டும் படிக்கிற சமாச்சாரம் இல்லை. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில்தான் தொடங்கியது, ஆந்திராவின் ரிஷிவேலியில் பார்த்து வந்ததை அடிப்படையாக வைத்து. அட்டைகள், ஏணிப்படி, பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்த ஆசிரியர், சுவரின் அடியில் பிள்ளைகள் எழுதும் கரும்பலகை என்று பள்ளியின் தோற்றமே மாறியது, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் போனது. 2017இல் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் கலைத்திட்டக் குழு, 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து. இதில் ஏதாவது ஒன்றை நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள், திட்டியிருப்பீர்கள், சில இடங்களில் வேலை செய்வதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். அந்த அனுபவம் உங்கள் மூலதனம். படிப்பில் சேரும் முன் அதை எழுதி வையுங்கள்.

படி 1: போன காலாண்டுத் தேர்வின் கேள்வித்தாளை எடுங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் தேடும் முன் ஒரு மாலை இதைச் செய்யுங்கள். நீங்களே தயாரித்த கேள்வித்தாளாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், அது பிள்ளையிடம் எதைக் கேட்கிறது என்று பென்சிலால் குறியுங்கள்: நினைவு, புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல். புளூம் வகைப்பாடு பி.எட்.டில் படித்ததுதான், இப்போது நிஜமாகப் பயன்படட்டும். அப்புறம் அந்த அலகுக்கான கற்றல் விளைவுகளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். விளைவுகளில் 'விளக்குவர்', 'ஒப்பிடுவர்', 'வடிவமைப்பர்' என்று இருக்கும். கேள்வித்தாளில் பெரும்பாலும் 'கோடிட்ட இடத்தை நிரப்புக'வும் 'குறிப்பு வரைக'வும் இருக்கும்.

இந்த இடைவெளியில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது. 'என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியலில் வரையறையை ஒப்பிக்கிறார்கள், ஆனால் ஒரு சோதனையின் முடிவைத் தங்கள் வார்த்தையில் எழுதச் சொன்னால் பேனா நகர்வதில்லை, ஏன்?' இந்த அளவுக்குக் குறிப்பாக ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் விண்ணப்பக் கட்டுரை, ஒப்படைப்புகள், ஆய்வேடு எல்லாவற்றுக்கும் அதுவே முதுகெலும்பு.

கேள்வித்தாளைப் பார்க்கும்போது உங்கள் மனம் 'பள்ளியை எப்படி நிர்வகிப்பது' என்ற பக்கம் ஓடினால் உங்களுக்குக் கல்வி நிர்வாகம்தான் சரி. 'இந்தப் பிள்ளைக்கு மனதளவில் என்ன ஆகிறது' என்று ஓடினால் கல்வி உளவியல். இரண்டும் நல்ல துறைகள். அங்கே போக வேண்டியவர் இங்கே வந்து உட்கார வேண்டாம்.

படி 2: டெட் முடித்துவிட்டீர்களா?

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்கிறவராக இருந்து, டெட் இன்னும் பாக்கி என்றால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு அதை முடியுங்கள். எம்.எட். இருப்பது டெட்டுக்கு மாற்று ஆகாது. சிறுபான்மைப் பள்ளிகளின் நிலை மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, அங்கே வேலை செய்பவர்கள் அந்த வழக்கைக் கவனித்து வாருங்கள்.

படி 3: எந்த வழி

நம் ஊரில் 'கரிகுலம் அண்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற பெயரிலேயே பட்டம் தேடினால் கையில் ஒன்றும் கிடைக்காத ஏமாற்றம்தான். எம்.எட்.டுக்கு உள்ளே கலைத்திட்டம், கற்பித்தல், மதிப்பீடு என்ற சிறப்புப் பகுதியாக அது இருக்கிறது. எம்.ஏ. கல்வியில் சில தாள்களாக இருக்கிறது. அமெரிக்காவில்தான் அது தனிப் பட்டம்.

எம்.எட். பற்றி முதலில். ஆசிரியர் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பான என்.சி.டி.இ.யின் 2014 விதிகளின்படி இது இரண்டு ஆண்டு, நேரடி வகுப்பு. பி.எட்.டில் 50 விழுக்காடு வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. வருகைப்பதிவு தாள்களுக்கு 80 விழுக்காடு, களப்பணிக்கு 90. ஆய்வேடு கட்டாயம். தொலைநிலையில் எம்.எட். நடத்த அந்த விதிகளில் இடமே இல்லை, இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஏனென்றால் 'கல்லூரிக்கு வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்' என்று சொல்லி சேர்க்கிற ஆட்கள் ஒவ்வொரு வருடமும் வருவார்கள். காகிதத்தில் அது நேரடிப் படிப்பு. ஒரே நாளில் பள்ளி வருகைப்பதிவேட்டிலும் கல்லூரி வருகைப்பதிவேட்டிலும் உங்கள் கையெழுத்து இருந்தால், பதவி உயர்வு நேரத்தில் சான்றிதழ் சரிபார்க்கும் ஆள் முதலில் பிடிப்பது அதைத்தான். நேரடி எம்.எட். என்றால் விடுப்பு எடுத்துப் படியுங்கள், முடியாதென்றால் வேறு வழி பாருங்கள்.

சென்னையில் எங்கே? சைதாப்பேட்டை கல்வியியல் மேம்பாட்டு நிறுவனம் 1856இல் தொடங்கிய பழைய ஆசிரியர் கல்லூரி, ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி பெற்ற இடம். கடற்கரை அருகே காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் கல்லூரி இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் கையைக் கடிக்காது, இடங்கள்தான் குறைவு. வேப்பேரி செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், அசோக் நகர் ஸ்டெல்லா மாட்டுடினா போன்ற பழைய கல்லூரிகளும், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையும் உண்டு. கல்லூரிகள் பெரும்பாலும் காரப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும், 2008இல் வந்த பல்கலைக்கழகம் அது. பழைய பெயர் என்பதற்காக நம்பிப் போகாதீர்கள். இந்த ஆண்டுக்கு எம்.எட். அனுமதி இருக்கிறதா என்று என்.சி.டி.இ. தளத்திலும் பல்கலைக்கழகத் தளத்திலும் நீங்களே பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

இன்னொன்று. 2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. வெளியிட்ட வரைவு விதிகளில் ஓராண்டு எம்.எட். மறுபடி இடம் பிடித்திருக்கிறது. உங்களுக்கு விடுப்பு கிடைப்பதுதான் பெரிய தடை என்றால், நீங்கள் பார்க்கும் கல்லூரி எந்த வடிவத்தில் நடத்தப் போகிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரு வருடச் சம்பளம் என்பது சின்ன விஷயமில்லை.

வெளியூர் போக முடிந்தவர்களுக்கு மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனம் இருக்கிறது, என்.சி.இ.ஆர்.டி.யின் நிறுவனம், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வி இரண்டு ஆண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். கலைத்திட்டத்தை ஆழமாகப் படிக்க வேண்டும், வேலையை விட்டாலும் பரவாயில்லை என்றால் இந்த இரண்டும்தான் என் முதல் தேர்வு. ஓர் இரவு ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

வேலையை விட முடியாது, விடுப்பும் கிடையாது என்றால் இக்னோவின் எம்.ஏ. கல்வி. ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் இருந்தால் போதும், ஜனவரி, ஜூலை என்று இரண்டு சேர்க்கை, இரண்டு ஆண்டில் தொடங்கி நான்கு ஆண்டுவரை இழுத்துக்கொள்ளலாம். ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, பருவத் தேர்வுக்கு 70. பாடப் பொருள் உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்க வேண்டும். அடித்தளத் தாள்கள் எல்லோருக்கும் பொது, அப்புறம் உயர்கல்வி, கல்வித் தொழில்நுட்பம், கல்வி மேலாண்மை போன்ற சிறப்புப் பிரிவுகளில் ஒன்று. கலைத்திட்டக் கேள்வியை நீங்கள்தான் ஆய்வேட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். முக்கியமான எச்சரிக்கை: எம்.ஏ. கல்வியும் எம்.எட்.டும் எல்லா வேலைக்கும் சமம் கிடையாது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர், பி.எட். கல்லூரி ஆசிரியர் போன்ற பணியிடங்களுக்கு எம்.எட்.டைத்தான் முதலில் கேட்பார்கள், சிலவற்றுக்கு மட்டும் பி.எட்.டோடு சேர்ந்த எம்.ஏ. கல்வியை ஏற்பார்கள். பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்து நீங்கள் விரும்பும் பணியிடத்தின் தகுதி வரியைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

அமெரிக்கப் பட்டம். பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு, நிறையப் பல்கலைக்கழகங்களில் முழுக்க ஆன்லைன். ஏற்கனவே பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியருக்காகவே வடிவமைத்தது என்பதால் ஒப்படைப்புகள் உங்கள் வகுப்பைச் சுற்றியே இருக்கும், அது பெரிய பலம். ஆனால் மூன்று விஷயம். ஒன்று, பெரும்பாலான இடங்களில் இந்தப் பட்டம் அங்கே கற்பிப்பதற்கான முதல் உரிமத்தைத் தராது. உரிமம் ஏற்கனவே உள்ளவர்களின் மேற்படிப்பு இது, அங்கே குடியேறி ஆசிரியராக நினைப்பவர்கள் உரிமத்துக்கான படிப்பைத் தனியாகத் தேட வேண்டும். இரண்டு, இங்கே உட்கார்ந்து ஆன்லைனில் படிப்பதற்கு மாணவர் விசா கிடையாது. மூன்றாவதுதான் பெரியது: அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் இருப்பவர்கள் இணைத்தன்மை (இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற அங்கீகாரம்) விஷயத்தைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தன்மை தருவதற்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2025இல் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. ஆன்லைன் பட்டத்துக்குக் கிடைத்துவிடும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாமல் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பன்னாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் தனியார் பள்ளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை, அங்கே நிர்வாகம் ஏற்றுக்கொண்டால் போதும்.

செலவைக் கணக்கிடும்போது ஒரு கிரெடிட்டின் விலையை மொத்த கிரெடிட்டால் பெருக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். தொழில்நுட்பக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம், மதிப்பெண் பட்டியலை அங்குள்ள அமைப்பு மூலம் மதிப்பிடும் செலவு, டாலர் ஏறினால் ஆகும் கூடுதல் எல்லாம் சேரும். நம் மூன்றாண்டு இளங்கலையை மட்டும் காட்டினால் சில பல்கலைக்கழகங்கள் தயங்கும், பி.எட்.டையும் சேர்த்துக் காட்டினால் பேச்சு மாறும்.

படி 4: அனுமதி, சான்றிதழ், இனிஷியல்

அரசு, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் சேரும் முன்பே துறையின் முன் அனுமதி வாங்க வேண்டும். தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பம் மேலே போகும், ஒப்புகையோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு அனுமதி கேட்டால் பட்டம் கையில் இருக்கும், பணிப்பதிவேட்டில் ஏறாது. எம்.எட். முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு என்ற பழைய கணக்கையும் மறந்துவிடுங்கள், அதை அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது, பிற்பாடு வந்தது ஒருமுறை மட்டும் தரும் தொகை. சம்பளம் ஏறும் என்பதற்காக மட்டும் இந்தப் படிப்பு என்றால் கணக்கு உதைக்கும்.

திறந்தநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கு இப்போது யு.ஜி.சி.யின் டெப் ஐ.டி. (தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் மாணவர் எண்) வேண்டும், அதற்கு ஏ.பி.சி. ஐ.டி. (கிரெடிட்களைச் சேமிக்கும் கணக்கின் எண்), அதற்கு ஆதார். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது. பத்தாம் வகுப்புச் சான்றில் 'கவிதா சு', பி.எட்.டில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா சுந்தரம்', திருமணத்துக்குப் பிறகு பான் அட்டையில் கணவர் பெயரோடு. கணினிக்கு இவர்கள் நான்கு பேர். விண்ணப்பம் திறக்கும் வாரத்தில் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்காமல் ஏப்ரலிலேயே பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

படி 5: விண்ணப்பக் கட்டுரை

உள்ளூர் எம்.எட்.டுக்கு மதிப்பெண்தான் பேசும். மற்ற இடங்களில் கட்டுரை கேட்பார்கள். 'சிறு வயதிலிருந்தே ஆசிரியராக வேண்டும் என்பது என் கனவு' என்று ஆரம்பிக்கும் கட்டுரைகளைப் படித்துப் படித்து அவர்களுக்கு அலுத்திருக்கும். படி 1இல் செய்த கேள்வித்தாள் வேலையை முதல் பத்தியில் வையுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன மாற்றினீர்கள், எது மாறவில்லை, அதைப் புரிந்துகொள்ள இந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தத் தாள் உதவும். பரிந்துரைக் கடிதத்துக்கு உங்கள் வகுப்பை வந்து பார்த்த தலைமையாசிரியர் போதும், உங்களைத் தெரியாத பெரிய மனிதர் தேவையில்லை.

படி 6: ஆண்டைப் பிரித்துப் போடுங்கள்

வேலையோடு படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் டிசம்பர். இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும், அதே டிசம்பரில் உங்கள் பள்ளியின் அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள் திருத்தம், அதற்கு முன்பு நவம்பரில் மழை விடுமுறைகளை ஈடுகட்ட சனிக்கிழமை வகுப்புகள். எனவே டிசம்பரில் எல்லாத் தாளையும் எழுதும் ஆசையை விடுங்கள். இரண்டு தாள் டிசம்பரில், கனமானவை ஜூனில். பத்து, பன்னிரண்டு எடுப்பவர்களுக்கு மார்ச், ஏப்ரலில் பொதுத் தேர்வும் திருத்தும் பணியும் இருக்கும், அந்த இரண்டு மாதம் படிப்பைத் தொட முடியாது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுவது நிம்மதி. மே மாதம் முழுக்க எழுதுவதற்கு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உங்கள் சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய் உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதியே உண்டு, ஏசி வேறு. காலையிலேயே போனால்தான் இடம், போட்டித் தேர்வுப் பிள்ளைகள் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நிற்பார்கள்.

ஒப்படைப்புகளைத் தனி வேலையாக நினைத்தால் தாங்காது. அடுத்த வாரம் நடத்தப் போகும் அலகையே ஒப்படைப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கலைத்திட்ட வடிவமைப்புத் தாளுக்கு நீர் அலகு, மதிப்பீட்டுத் தாளுக்கு அதற்கான மதிப்பீட்டுக் கட்டம், உளவியல் தாளுக்கு அதே வகுப்பில் பின்தங்கிய இரண்டு பிள்ளைகளின் நோட்டு. ஒரே வகுப்பு மூன்று தாளுக்குச் சோறு போடும்.

படி 7: ஆய்வேடு

எம்.எட். ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரியைப் பார்த்தால் 'சென்னை மாவட்ட மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் இன்னது மீதான மனப்பான்மை' என்று ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள். 300 பேரிடம் வினாநிரல், ஆண் பெண் வேறுபாடு உண்டா, நகரம் கிராமம் வேறுபாடு உண்டா, ஒரு டி-சோதனை, முடிந்தது. இதில் தேர்ச்சி கிடைக்கும், படித்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. நீங்கள் கலைத்திட்டம் படிக்க வந்தவர், ஒரு அலகை மாற்றிப் பாருங்கள்.

அதாவது செயலாய்வு, அல்லது முன்தேர்வும் பின்தேர்வும் வைத்த சிறிய சோதனை. எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு இருந்தால் ஒன்றில் சோதனை முடிவைப் பிள்ளைகளே எழுதும் பயிற்சியை ஆறு வாரம் கொடுங்கள், மற்றதில் வழக்கம்போல். இரு பிரிவையும் நீங்களே எடுத்தால் உங்கள் ஆர்வமே முடிவைச் சாய்த்துவிடும், அதை ஆய்வேட்டில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், முடிந்தால் விடைத்தாள்களை இன்னொரு ஆசிரியரிடம் பெயர் மறைத்துத் திருத்தக் கொடுங்கள். ஆய்வு முடிந்ததும் ஒப்பீட்டுப் பிரிவுக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுத்துவிட வேண்டும், அவர்களும் உங்கள் பிள்ளைகள்தானே. எண்களோடு நிறுத்தாமல் ஆறு வாரத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பிள்ளை எழுதிய இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு வருபவர் அட்டவணையை வேகமாகப் புரட்டுவார், இந்தப் பக்கத்தில் நின்று படிப்பார்.

தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி, பெற்றோர் சம்மதம், பிள்ளைகளின் பெயரை மறைப்பது, இந்த மூன்றையும் தரவு எடுக்கும் முன்பே முடியுங்கள். பழைய ஆய்வுகளைத் தேட சோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளம் இலவசம். அதிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டும் ஆசையை மட்டும் அடக்குங்கள், யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் சிக்கல். தரவு சேகரிக்க நல்ல காலம் பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி இறுதிவரை, அல்லது ஜூலையும் ஆகஸ்ட்டும்.

முடித்த பிறகு

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டில் கல்விப் பாடத்தின் ஐந்தாவது அலகு முழுக்கவே கலைத்திட்டம், படித்தது மறக்கும் முன் எழுதிவிடுங்கள். பி.எட். கல்லூரிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படும், எம்.எட்.டில் 55 விழுக்காடும் கேட்பார்கள். தனியார் பள்ளிகளில் பாட ஒருங்கிணைப்பாளர், பதிப்பகங்களில் பாடநூல் ஆசிரியர், கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் பாட வடிவமைப்பாளர் என்று வேலைகள் உண்டு, அங்கெல்லாம் பட்டத்தைவிட நீங்கள் வடிவமைத்த நான்கைந்து அலகுகள் அடங்கிய கோப்பைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். ஒப்படைப்புகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்குத்தான்.

அரசுப் பள்ளியிலேயே இருக்கப் போகிறவர்கள் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பக்கம் ஒரு கண் வையுங்கள், பாடநூல் எழுதவும் பயிற்சிக் கட்டகம் தயாரிக்கவும் வகுப்பில் இருக்கும் ஆசிரியர்களைத்தான் அழைக்கிறார்கள். உங்கள் மாவட்ட நிறுவனத்தில் ஒரு கருத்தாளராகப் பெயர் கொடுத்து வைத்தால் அழைப்பு வருவதற்கு வாய்ப்பு அதிகம். தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே முன் அனுமதி ஆணையின் நகலோடு பணிப்பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள், பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.